உப்புக்காற்றுக்கு அஞ்சாத கிரைனம்: விதையுறை இல்லாத ஒரு பேரினத்தின் உடலமைப்பு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் போகிறவர்கள் இந்தச் செடியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பழைய குவார்ட்டர்ஸ் வாசல், கம்பெனி காம்பவுண்டு ஓரம், கோயில் மதிலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் கிடக்கும் ஒரு முழம் மண் என்று எங்காவது கொத்தாக நிற்கும். இடுப்பு உயரம், கையகல இலைகள், பக்கவாட்டில் கிளம்பும் தடித்த பச்சைத் தண்டு, அதன் உச்சியில் மெல்லிய இதழ்களோடு வெள்ளைப் பூக்கள். கன்டெய்னர் லாரிப் புழுதி இலைமேல் படிந்திருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் முட்டியளவு தண்ணீர் நின்ற இடத்திலும், சித்திரை வெயிலில் மணல் கொதிக்கும் இடத்திலும் இது பிழைத்துக் கிடக்கும்.

இதன் பெயர் கிரைனம். சித்த வைத்தியப் பழக்கம் உள்ளவர்கள் விஷமூங்கில் என்பார்கள். தாவரவியலில் கிரைனம் ஆசியாட்டிகம். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753ல் வெளியிட்ட தாவரத் தொகுப்பிலேயே இந்தப் பேரினமும் இந்தச் சிற்றினமும் இடம்பெற்றுவிட்டன. இன்றைக்கு உலகம் முழுக்க சுமார் 100 கிரைனம் சிற்றினங்கள் கணக்கில் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில்தான் அதிகம். ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளிலும் உண்டு. எங்கே வளர்ந்தாலும் பெரும்பாலானவை தண்ணீரின் ஓரத்தையே பிடித்துக்கொள்கின்றன. கடற்கரை, ஆற்றங்கரை, சதுப்பு, மழைக்காலத்தில் மட்டும் குளமாகிற பள்ளம் என்று ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக இருக்கும் இடங்கள்தான் இதன் வீடு. வட சென்னையின் மண்ணும் அப்படிப்பட்டதுதான். இந்தச் செடியின் கிழங்கு, இலை, விதை எல்லாமே அந்த ஓர வாழ்க்கைக்காக அமைந்தவை என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாதவரம், செங்குன்றம் பக்கத்து நர்சரிகளில் இந்தச் செடியைக் காட்டிக் கேட்டால், "ஸ்பைடர் லில்லிக்கா, தண்ணியே ஊத்த வேணாம்" என்று பதில் வரும். அதே பெயரில் வேறு செடியும் விற்பனையில் இருக்கிறது. ஹைமெனோகாலிஸ் என்ற அமெரிக்கச் செடி அது. ரோட்டு நடுத் தடுப்பிலும் பூங்கா ஓரத்திலும் நட்டு வைத்திருப்பதில் பாதிக்கு மேல் அதுதானோ என்று எனக்குத் தோன்றும். இரண்டுக்கும் வெள்ளைப் பூ, நீண்ட ஒல்லி இதழ். ஆனால் பூவின் நடுவே பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஹைமெனோகாலிஸில் மகரந்தக் கம்பிகளின் அடிப்பகுதியை ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்றாகச் சேர்த்து ஒரு கிண்ணம் ஆக்கியிருக்கும். கிரைனத்தில் அந்தக் கிண்ணம் கிடையாது. ஆறு கம்பிகளும் தனித்தனியாக, மேல்பாதியில் செந்நிறம் ஏறி, விரிந்து நிற்கும். நம் நாட்டிலேயே வளரும் பான்கிரேஷியம் என்ற இன்னொரு பேரினத்துக்கும் கிண்ணம் உண்டு. அதன் விதை கறுப்பாக, காய்ந்து இருக்கும். அமரில்லிஸ் என்று தொட்டியில் விற்கிற பெரிய சிவப்புப் பூச்செடி ஹிப்பியாஸ்ட்ரம். அதன் பூத்தண்டை வெட்டினால் உள்ளே வெற்றுக் குழாய். கிரைனத்தின் தண்டு உள்ளே சதையோடு கெட்டியாக இருக்கும்.

லில்லி என்று கூப்பிட்டாலும் இவை எதுவும் லில்லிக் குடும்பம் இல்லை. அமாரிலிடேசி என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. 2009ல் வந்த வகைப்பாட்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் சமையலறை வெங்காயமும் பூண்டும்கூட அதே குடும்பத்துக்குள் வந்துவிட்டன. தோண்டிப் பார்த்தால் உறவு புரியும். வெங்காயத்தைப் போலவே அடுக்கடுக்காகச் செதில் மூடிய குமிழம். ஆனால் இந்த ஒற்றுமைதான் ஆபத்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பூவில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். பூத்தண்டு இலைக்கூட்டத்தின் நடுவிலிருந்து வராமல், பக்கத்து இலைக்கக்கத்திலிருந்து கிளம்பும். உச்சியில் இரண்டு பெரிய மடல்கள் மொட்டுகளை மூடியிருக்கும். அவை பிளந்து தொங்கியதும் பத்து முதல் இருபத்து நான்கு வரை, சில செடிகளில் அதற்கும் மேலாக, மொட்டுகள் ஒரே புள்ளியிலிருந்து குடை விரிப்பது மாதிரி வெளியே வரும். குடைமஞ்சரி என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். ஒவ்வொரு பூவுக்கும் கீழே 7 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு குழல். விட்டம் 2 மி.மீ.கூட இருக்காது. அதன் அடியில்தான் தேன். சாயங்காலம் பூ விரிந்து, இருட்டியதும் வாசனை ஏறும். வெள்ளை நிறம், ராத்திரி வாசனை, எட்டாத ஆழத்தில் தேன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்தப் பூ யாரை எதிர்பார்க்கிறது என்று ஊகித்துவிடலாம். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விடும் பெரிய அந்துப்பூச்சிகளைத்தான். குழலை நீட்டும்போது வெளியே துருத்தி நிற்கும் மகரந்தப்பைகள் அதன் உடம்பில் உரசிவிடும். பகலில் வரும் தேனீக்கள் மகரந்தத்தைச் சுரண்டிக்கொண்டு போகலாம். தேன் அவற்றுக்கு எட்டாது.

இலைக்கு வருவோம். ஒரு முற்றிய இலையை எடுத்து, கத்தி வைக்காமல், குறுக்கே மெதுவாகக் கிழித்துப் பாருங்கள் (கையுறை போட்டுக்கொள்வது நல்லது, சாறு சிலருக்கு அரிக்கும்). இரண்டு துண்டும் பிரிந்த பிறகும் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நூல்கள் நீளும். கீழ்த்துண்டு அந்த நூல்களில் தொங்கிக்கொண்டு ஆடும். இலையின் உள்ளே இருக்கும் சுருள் தடிப்புகள் பிரிந்து நீள்வதால் வரும் நூல் அது. கிரைனம் இருக்கும் உள்பிரிவுக்கே உரிய அடையாளங்களில் இதுவும் ஒன்று. பூ இல்லாத நாளில் செடியை அடையாளம் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஆப்பிரிக்கக் கிரைனங்கள் பலவற்றில் இலை இன்னொரு வேலையும் செய்கிறது. வறண்ட காலத்தில் இலையின் மேற்பகுதி காய்ந்து உதிர்ந்துவிடும். மழை வந்ததும் புது இலைக்குக் காத்திருக்காமல், போன வருடத்து இலையே அடியிலிருந்து மறுபடி வளரத் தொடங்கும். அதனால் நுனி கூர்மையாக இல்லாமல், வெட்டி விட்டதுபோல மட்டமாக இருக்கும். நம் கடற்கரைக் கிரைனத்துக்கு அந்த அவசியம் இல்லை. அது வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். தடித்த, மெழுகுப்பூச்சு ஏறிய இலை என்பதால் காற்றில் வரும் உப்பு அதை எளிதில் கருக்குவதில்லை.

குமிழத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. கிரைனம் லாட்டிஃபோலியம் போன்ற உள்நாட்டுச் சிற்றினங்களில் உருண்டைக் குமிழம் மண்ணுக்குள் ஆழமாக இருக்கும். பூவில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். கடற்கரைக் கிரைனத்திலோ குமிழம் மேலே மேலே நீண்டு, இலை உறைகள் ஒன்றை ஒன்று சுற்றி, தரைக்கு மேல் ஒரு பொய்த்தண்டு உருவாகிவிடும். வெள்ளம் வந்து சில நாள் நின்றாலும் வளரும் நுனி தண்ணீருக்கு மேலே இருக்கும். கீழே தடித்த வேர்கள். அவற்றில் சில சுருங்கும் வேர்கள். மேலே வளையம் வளையமாகத் தோல் சுருங்கியிருப்பதைப் பார்க்கலாம். இளஞ்செடியாக இருக்கும்போது இந்த வேர்கள் நீண்டு, பிறகு சுருங்கி, குமிழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இழுத்து உட்கார வைக்கும். காற்று மணலை அள்ளிக்கொண்டு போகிற கடற்கரையில் இது சின்ன உதவி இல்லை.

இனி விதை. கிரைனத்தை ஒரு பேரினமாக நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் அதன் விதைதான்.

பொதுவாகப் பூக்கும் தாவரங்களில், பின்னால் விதையாக மாறும் சூலைச் சுற்றி ஒன்றோ இரண்டோ சூலுறைகள் இருக்கும். கருவுற்ற பிறகு அவைதான் விதையுறை ஆகும். அவரையை ஊறவைத்தால் உரிந்து வருகிற தோல் அதுதான். விதையைக் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பாதுகாக்கும் கவசம். கிரைனத்தின் சூலுக்குச் சூலுறையே கிடையாது. ஆகவே விதைக்கு விதையுறையும் கிடையாது. கருவைச் சுற்றியிருக்கும் உணவுத் திசுவான முளைசூழ்தசை நிற்காமல் வளர்ந்து, சூலின் எல்லையைத் தாண்டி, அதுவே விதையின் முழு உடம்பாகி விடுகிறது. வெளியில் இருக்கும் செல் அடுக்குகள் தக்கையாக மாறி, விதையுறை செய்ய வேண்டிய காவல் வேலையை ஏற்றுக்கொள்கின்றன.

முற்றிய காயை உடைத்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். காய் 3 முதல் 5 செ.மீ. விட்டம், உச்சியில் ஒரு மூக்கு. வெண்டைக்காய், ஆமணக்கு மாதிரி கோடு போட்டு வெடிக்காது. தோல் அழுகியோ தாறுமாறாகக் கிழிந்தோதான் திறக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு விதை, சில காய்களில் இரண்டு மூன்று. சாம்பல் நிறம், ஒழுங்கில்லாத உருண்டை, கையில் எடுத்தால் கனக்கும். நகத்தால் மேல்தக்கையைச் சுரண்டினால் அடியில் நல்ல பச்சை தெரியும். அது பச்சையம். இந்தப் பச்சை விதைக்குள் அடைத்து வைத்திருப்பது மாவும் தண்ணீரும்.

அந்தத் தண்ணீர்தான் விஷயமே. இந்த விதை முளைக்க வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். ஜன்னல் திட்டிலோ அலமாரியிலோ சும்மா வைத்தாலும் முளைக்கும். முளைக்கும் விதமும் தனி. வித்திலை (கருவின் முதல் இலை) ஒரு குழாயாக நீண்டு, விதையிலிருந்து வெளியே வந்து, கருவைத் தன் நுனியில் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. விதை மேலேயே கிடக்கும். செடி அதிலிருந்து சில செ.மீ. தள்ளி, மண்ணுக்குள் பாதுகாப்பான ஆழத்தில் பிறக்கும். புதுக் குமிழமும் அங்கேதான் கட்டும். மேலே கிடக்கும் விதை தன் சேமிப்பை அந்தக் குழாய் வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருந்து, கடைசியில் சுருங்கிப் போகும்.

இதை நம் கடற்கரையில் பொருத்திப் பாருங்கள். சென்னைக்கு வருடத்தில் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மணலில் விழுந்த தண்ணீர் நிற்காது, கீழே இறங்கிவிடும். அலை எட்டும் உயரத்துக்கு மேலே ஒதுங்கிக் கிடக்கும் ஒரு விதைக்குக் கிடைப்பது உப்புத் தண்ணீரும் சுடு மணலும்தான். காய்ந்த விதையாக இருந்தால் நல்ல தண்ணீருக்காகக் காத்திருக்க வேண்டும். கிரைனம் காத்திருப்பதில்லை, தண்ணீரைக் கூடவே கொண்டுவருகிறது. நல்ல தண்ணீர் இருக்கும் ஆழத்துக்குக் கருவையே அனுப்பியும் விடுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. காயவைத்து டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாது. உலர்ந்தால் செத்துவிடும். கிரைனம் விதையைப் பாக்கெட் போட்டு நெடுநாள் வைத்து விற்பது நடக்காத காரியம்.

அதே தக்கை இன்னொன்றையும் சாத்தியமாக்குகிறது. காய் முற்றும்போது கனம் தாங்காமல் பூத்தண்டு சாய்ந்து தரையில் படுத்துவிடும். தாய்ச்செடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விதை விழும். அங்கேயே முளைக்கலாம். அலை வந்து எடுத்துக்கொண்டால் மிதக்கும். தக்கை உப்பை உள்ளே விடாமல் தடுக்கும். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் வரை கடற்கரைகளில் ஒரே சிற்றினம் பரவியிருப்பதும், அதன் ஒரு வகை ஜப்பானின் தென்கரை வரை போயிருப்பதும் இப்படித்தான். 2003ல் ஆலன் மீரோ, டேவிட் லெமில்லர் உள்ளிட்டோர் மரபணுத் தடயங்களை வைத்து வெளியிட்ட ஆய்வு, இந்தப் பேரினம் ஆப்பிரிக்காவில் தோன்றிப் பிற கண்டங்களுக்குப் பரவியது என்ற முடிவுக்கு வந்தது. மிதக்கும் விதையைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு ஆச்சரியமாக இருக்காது.

கடலோரம் மட்டுமே இதன் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் பக்கத்து நன்னீர்ச் சேற்றுக்கு உரியது கிரைனம் விவிபாரம். முன்பு கிரைனம் டெஃபிக்ஸம் என்று எழுதி வந்தார்கள். அன்சாரி, நாயர் என்ற இரண்டு இந்தியத் தாவரவியலாளர்கள் பழைய பெயர்களைச் சரிபார்த்து இன்றைய பெயரைக் கொடுத்தார்கள். உருவம் சிறியது, இலை குறுகல், உள்பக்கம் குழிந்திருக்கும். ஆற்றோரச் சேறு, ஏரிக்கரை, வயல் வாய்க்கால் ஓரம் இதற்குப் பிடித்த இடங்கள். கொசஸ்தலையாற்றுப் பக்கமும் செங்குன்றத்தைச் சுற்றிய ஏரிகள் பக்கமும் போகிறவர்கள், கான்கிரீட் கட்டாத கரை எங்காவது மீதம் இருந்தால், கோரைக்கு நடுவே தேடிப் பார்க்கலாம்.

இன்னும் ஒரு படி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டவையும் உண்டு. கொளத்தூரில் வண்ணமீன் வாங்கப் போகிறவர்கள் மீன்தொட்டிக்கான தண்ணீர்ச் செடிகளையும் கவனியுங்கள். ரிப்பன் மாதிரி நீண்ட இலையோடு, அடியில் சின்ன வெங்காயத்தோடு ஒரு செடி வரலாம். உலக மீன்தொட்டி வியாபாரத்தில் வாட்டர் ஆனியன் என்று போகிற கிரைனம் தையானம் அது. தாய்லாந்தின் தெற்கே ரனோங், பாங் ங்கா மாகாணங்களின் கடலோர ஓடைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. ஓடைகளைத் தூர்வாரியதும் கிழங்கைத் தோண்டி விற்றதுமாக, அழியும் நிலையில் இருப்பவற்றின் பட்டியலுக்குப் போய்விட்டது. இந்தியாவிலும் இந்தப் பேரினத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை. கேரளத்தின் காசர்கோடு பகுதி ஓடை ஒன்றிலிருந்து கிரைனம் மலபாரிக்கம் என்ற நீர்வாழ் சிற்றினம் 2012ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது.

சரி, விஷத்துக்கு வருவோம். குமிழத்தில்தான் அதிகம், இலையிலும் உண்டு. முக்கியமானது லைக்கோரின் என்ற அல்கலாய்டு. செல்லுக்குள் புரதம் கட்டும் வேலையை அது தடுக்கும். உள்ளே போனால் குமட்டல், வாந்தி, பேதி. பிரிட்டிஷ் ஆட்சியில் 1868ல் வந்த இந்திய மருந்துத் தொகுப்பில் இந்தக் குமிழத்தை வாந்தி எடுக்க வைக்கும் மருந்தாகவே சேர்த்திருந்தார்கள். வீக்கத்துக்கு இலையில் விளக்கெண்ணெய் தடவி, வாட்டி, மேலே கட்டுவது பல ஊர்களில் இருந்துவந்த பழக்கம். மேலே கட்டுவது வேறு, உள்ளே சாப்பிடுவது வேறு. வெங்காயம் மாதிரி இருக்கிறதே என்று குழந்தைகள் கடிக்கக்கூடும் என்பதால், வீட்டில் வளர்ப்பவர்கள் குமிழம் வெளியே தெரியாமல் மண் அணைத்து வைக்க வேண்டும். ரோட்டில் திரியும் மாடும் ஆடும் பொதுவாக இதில் வாய் வைப்பதில்லை. வேலி இல்லாத இடத்திலும் செடி முழுசாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆடு மாடு தொடாததைத் தின்பதற்கென்றே ஒரு புழு இருக்கிறது. பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் புழு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவந்த ஆரஞ்சுமாகப் புள்ளிகள். கூட்டமாக வந்தால் ஓரிரு நாளில் இலையெல்லாம் போய்விடும். இதே புழு நம் மாநில மலரான செங்காந்தளையும் தின்னும். செங்காந்தளில் இருப்பது கோல்ச்சிசின் என்ற வேறொரு விஷம். இரண்டு விஷமும் இரண்டு விதமாக வேலை செய்பவை. இரண்டையும் ஒரே புழு எப்படிச் சமாளிக்கிறது என்பது, என் பார்வையில், செடியைவிடவும் பெரிய ஆச்சரியம். பளிச்சென்ற அந்த நிறம் பறவைகளுக்கு விடும் எச்சரிக்கை என்று கொள்ளலாம்.

வளர்ப்பவர்களுக்கு இந்தப் புழு ஒன்றுதான் உண்மையான தொல்லை. இலையின் அடிப்பக்கம் முட்டைக் கூட்டமோ, இலை உறை இடுக்கில் ஈரமான கறுப்பு எச்சமோ தெரிந்தால் அன்றைக்கே பொறுக்கி எடுத்துவிட வேண்டும். குருத்து வழியாகக் குமிழத்துக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது கஷ்டம். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தால் இளம்புழுக்கள் குறையும். அப்படியே இலை மொத்தமும் போனாலும் செடியைப் பிடுங்கிப் போட வேண்டாம். குமிழம் நல்லபடியாக இருந்தால் மறுபடி துளிர்க்கும்.

மற்றபடி இது அதிகம் கேட்காத செடி. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960களின் கடைசியிலேயே தெரியவந்த விஷயம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலும் போர்த் தண்ணீர் கரிப்பதால் ரோஜாவும் மல்லியும் கருகுகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் இதை நடலாம். தாய்ச்செடி அடியில் வரும் பக்கக்கன்றை வேரோடு பிரித்து நட்டால் போதும். தொட்டியில் வைப்பதானால் அகலமான, ஆழமான தொட்டி வேண்டும், வேர் தடித்து ஓடும். அடிக்கடி இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு ஒரு பருவம் பூக்காமல் இருக்கும். விதை கிடைத்தால் புதைக்க வேண்டாம். ஈர மணலின் மேல் பாதி தெரிய வைத்துவிட்டு, குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, அது தொடும் இடத்தில் மண்ணைக் கொஞ்சம் இளக்கிவிட்டால் வேலை முடிந்தது. விதையிலிருந்து வந்த செடி பூக்கச் சில வருடங்கள் ஆகும். பக்கக்கன்று அதைவிடச் சீக்கிரம் பூக்கும்.